அப்பா மெய்யாகவே விற்ற வேளாண்மை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் முற்றத்தில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், சாய்ந்தமருது ஹாஜியார், வட்டை விதானையார். அக்கா இல்லை, தைத்து முடித்த சட்டைகளைக் கடையில் கொடுக்கக் கல்முனைக்குப் போயிருந்தாள். போதகர் ஐயாவும் இல்லை. சபைப் பேரவைக்கென்று கொழும்புக்குப் போனவர் அடுத்த வாரக் கடைசியில்தான் வருவார். அவர் மட்டும் அன்றைக்கு ஊரில் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது. ஐயா ஒரு சொல் சொல்லியிருப்பார், அப்பா தலையாட்டியிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். ஐயா இல்லாத இடத்தில் அப்பாவே போதகர், அப்பாவே சபை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்பா மூப்பர். கல்முனைப் பக்கத்தில் கிறிஸ்தவர் என்று சொன்னால் மெதடிஸ்தா, கத்தோலிக்கமா என்று கேட்பார்கள். அப்பா "பிரஸ்பிட்டேரியன்" என்பார். கேட்டவர் பேச்சுக்கு "அது என்ன, புதுசா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. எங்களுக்கு ஆயர் இல்லை, சபை தெரிந்தெடுத்த மூப்பர்மார் கூடியிருந்து யோசித்து நடத்துகிற சபை இது, ஒரு மூப்பர் சொல்வதை மற்ற மூப்பர் மறுக்கலாம் என்று பஸ் நிலையத்தில் நின்று விளக்குவார். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும். நான் மீன் பையோடு வெயிலில் நிற்பேன். எங்கள் சபையில் இருப்பது பதினான்கு குடும்பம். அதற்கு மூன்று மூப்பர்.

அப்பா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. இளவயதில் ஒரு பழைய போதகர் அவருக்கு எழுத்துக்கூட்டக் காட்டிக்கொடுத்தாராம். வேதத்தை இன்றைக்கும் விரல் வைத்துத்தான் வாசிப்பார். ஆனால் சபையின் வினாவிடை முழுக்க மனப்பாடம். ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். பதில் சொல்லியாகிவிட்டால் அது அப்படியே நிற்கவேண்டும். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். நான் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கம்பஸ் போய்ப் பட்டமும் எடுத்தேன். அதனால் கடிதம், விண்ணப்பம், கந்தோர் அலுவல் எல்லாம் என் தலையில். "நீ படிச்ச பொடியன், நீயே யோசிச்சிச் சொல்லு" என்பார்கள். யோசித்துச் சொன்னால் அப்பாவுக்குச் சரிவராது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. சனிக்கிழமை ஆக்கிய சோற்றையும் கறியையும்தான் தின்போம். கடைக்குப் போகக்கூடாது, பஸ் ஏறக்கூடாது. அக்காவின் தையல் மெசினுக்கு மேல் துணி விரித்து மூடிவிடுவார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வகுப்பில் எல்லோரும் எழுதினார்கள். நான் ஆலயத்தில் முன்வரிசை வாங்கில் இருந்தேன். அயல் பொடியன்மார் பந்து அடிக்கக் கூப்பிட வந்தால் அவர்களே ஒருவருக்கொருவர், "இண்டைக்கு மூப்பர்ட நாள்டா, வரமாட்டான்" என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள். தான் வேலை செய்யக்கூடாது. தனக்காக இன்னொருவரும் வேலை செய்யக்கூடாது. முதற் பாதியோடு வாழப் பழகிவிட்டோம். இரண்டாவது பாதிதான் வினை.

எங்களுக்கு ஊருக்கு மேற்கே வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், இரண்டு ஏக்கர் வயல். அந்த மாரிப் போகத்தில் வேளாண்மை (வயலில் நிற்கிற நெல்லை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நன்றாக விளைந்திருந்தது. அக்காவின் வீட்டுக் கூரை அந்த நெல்லில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். எங்கள் வளவின் பின்பக்கம் மூன்று வருடமாகச் சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. மாப்பிள்ளை பெரியநீலாவணை ஆள், பஸ் கொண்டக்டர், பொறுமைசாலி. அவருடைய தாய் பொறுமைசாலி இல்லை. "முதல்ல கூரையப் போடுங்க, பிறகு கதைப்பம்" என்று இரண்டு முறை சொல்லியனுப்பி, அம்மா போய்க் கெஞ்சி, சித்திரை கழிந்து ஒரு நாள் குறித்திருந்தார்கள். அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. வெட்டு முடிந்த கையோடு நெல்லை மில்லுக்குக் கொடுத்து, கூரைக்கு மரமும் சீற் தகடும் எடுப்பது என்று எல்லாம் பேசியாகிவிட்டது.

நெல் வெட்டுகிற மெசின் ஹாஜியாருடையது. அவருடைய வயலும் எங்கள் வயலும் ஒரே வரம்பு. மெசின் நினைத்த இடத்தில் இறங்காது. வாய்க்காலோரம் ஒரு இடத்தால் இறங்கி ஒவ்வொரு வயலாக வெட்டிக்கொண்டே போகவேண்டும். முன்வயலை வெட்டினால்தான் பின்வயலுக்குப் பாதை. எங்கள் வயல் நடுவில். எங்களுக்குப் பின்னால் நான்கு பேருடையது கிடந்தது. தண்ணீர் முறையையும் மெசின் முறையையும் பார்க்கிறவர் வட்டை விதானையார். அவர் எங்களுக்குச் சனிக்கிழமை போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மெசின் நிற்கும் என்பதை எல்லோரும் கணக்கில் வைத்திருந்தோம். சனிக்கிழமை காலை பெல்ட் அறும் என்பதை யாரும் வைக்கவில்லை. அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பெல்ட் வாங்கி வந்து பூட்டி முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. எங்கள் முறை ஞாயிறு காலைக்குத் தள்ளுப்பட்டது. திங்கட்கிழமை மெசின் சம்மாந்துறைப் பக்கம் போகவேண்டும். போனைத் திறந்தால் அடுத்த வாரம் முழுக்க மழை மேகப் படம்.

இதற்காகத்தான் ஹாஜியாரும் விதானையாரும் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள்.

"அண்ணன், உங்கட சாமிக்கு நான் ஒண்டும் சொல்லல்ல," என்றார் விதானையார். அவர் பாண்டிருப்பு ஆள், சைவம். "ஆனா உங்களுக்குப் பின்னால நாலு பேர்ட வெள்ளாமை கிடக்கு. நீங்க மறிச்சா அவங்க எங்கால போற? வானத்தாலயா?"

"நான் மறிக்கல்ல. என்ட வயலுக்குள்ளால மெசின் போகட்டும். மிதிபடுறது மிதிபடட்டும்," என்றார் அப்பா.

"மிதிச்சிக்கிட்டுப் போறதுக்கு வெட்டிக்கிட்டுப் போனா என்ன, மூப்பரே?" ஹாஜியார் கேட்டார்.

"மிதிக்கிறது நட்டம், ஹாஜியார். வெட்டுறது வேலை."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "சரி, நான் ஒண்டு கேக்கன். வேலை செய்யப்போறது என்ட மெசின். ஓட்டப்போறது என்ட ட்ரைவர். நீங்க வேதத்தோட வீட்ட இரிங்க. இதுல உங்களுக்கு என்ன வேலை இரிக்கி?"

"எனக்காகச் செய்யிற வேலை என்ட வேலைதான்."

"அந்த மெசினுக்கும் ஞானஸ்நானம் குடுத்திருப்பார் ஹாஜியார், நேரம் கிடைக்கல்ல," என்று அம்மா குசினி வாசலில் நின்று சொன்னாள். விதானையார் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. அப்பாவுக்காக வேலை நடக்கக்கூடாது, அவ்வளவுதானே? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அந்த வேளாண்மை அப்பாவுடையதாக இருக்கக்கூடாது. நிற்கிற வேளாண்மையைச் சனிக்கிழமையே ஹாஜியாருக்கு விற்றுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஹாஜியார் தன் மெசினால் தன் வேளாண்மையை வெட்டுகிறார். திங்கட்கிழமை நாங்கள் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இதை நான் சொன்னபோது விதானையார் என்னை அமைச்சரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை. திருப்பி வாங்குகிற பகுதியை அப்பாவுக்குக் கேட்காமல், படலையடியில் வைத்து ஹாஜியாருக்கு மட்டும் சொன்னேன்.

அப்பா என்னைக் கேட்டார்.

"மெய்யா விக்கிறதா, மனே?"

"ஓம் அப்பா."

"விளையாட்டுக்கு இல்லையே?"

"இல்லப்பா. மெய்யாத்தான்."

"வித்தா அது ஹாஜியார்ட நெல்லு. அப்பிடித்தானே?"

"ஓம்."

அவர் தைரியம் தேடிக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது கேள்வி. நான் சொன்னது பதில். எங்கள் வீட்டில் பதிலுக்கு என்ன மரியாதை என்று தெரிந்துகொண்டே மூன்று தரம் ஓம் போட்டேன்.

கொப்பி ஒற்றையில் எழுதினேன். இரண்டு ஏக்கர் நிற்கிற வேளாண்மை, விலை ஆயிரம் ரூபா. அப்பா, "ஆயிரம் குறைவில்லையா?" என்று கேட்டார். "மழைக்குக் கிடந்து அழியப்போற வேளாண்மைக்கு அதுவே கூடப்பா" என்றேன். அது நியாயம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. விரலூன்றி ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் கையொப்பம் வைத்தார். ஹாஜியார் கையொப்பம் வைத்தார், விதானையார் சாட்சி. ஹாஜியார் நீட்டிய ஆயிரம் ரூபாத் தாளை அப்பா வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அப்போதே ஏதோ பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அப்பாதான் நடத்தினார். ஜெபத்தில், "எங்கள் அயலவருடைய வேளாண்மை இன்றைக்கு நல்லபடி வெட்டுப்படச் செய்யும்" என்று ஒரு வரி வந்தது. நான் குனிந்து சிரித்தேன். அப்பாவும் விளங்கித்தான் நடக்கிறார் என்று நினைத்தேன். அவர் அயலவருக்காக ஜெபித்தார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஹாஜியார் போன் எடுத்தார். "தம்பி, நாப்பத்தேழு மூடை. நல்ல நெல்லு. என்ட வயலடியில, ரோட்டோரம் அடுக்கி பொலித்தீன் போட்டு மூடி வெச்சிரிக்கி. வந்து ஏத்துங்க." மில்லில் அன்றைய விலை மூடை ஏழாயிரத்து இருநூறு. என் காசில் ஆயிரம் ரூபாவை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, லொறிக்குச் சொல்லட்டா? எங்கட நெல்ல ஏத்துவம்."

"எங்கட நெல்லா? எங்கட நெல் எங்க கிடக்கு?"

"ஹாஜியார்ட்ட."

"ஹாஜியார்ட்டக் கிடக்கிறது ஹாஜியார்ட நெல்லு. சனிக்கிழமை வித்தமே, மறந்திட்டியா?"

நான் விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அப்பாவின் முகம் சபை நடத்துகிற முகமாக மாறியது. "திருப்பி எடுக்கிறதெண்டு வித்தா அது விக்கிறதில்ல. ஆண்டவருக்குக் கண்கட்டி வித்தை காட்டுறது. நான் மெய்யா வித்தன்" என்றார். அம்மா கையில் அகப்பையோடு வெளியே வந்தாள்.

"இஞ்ச பாருங்க, நாப்பத்தேழு மூடை நெல்ல ஆயிரம் ரூபாக்கு ஆராவது விப்பாங்களா?"

"நான் வித்திருக்கன்."

"பெட்டைட கூரைய வித்திருக்கீங்க."

அப்பாவுக்கு அது சுட்டது. இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்துவிட்டுப் புதன்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தார். ஹாஜியாரிடம் போய் அந்த நெல்லை இன்றைய விலைக்கு முறையாக வாங்குவது. நாற்பத்தேழு மூடைக்கு மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அம்மாவின் தாலிக்கொடியையும் அக்காவின் சங்கிலியையும் வங்கியில் அடகு வைத்து அந்தக் காசைப் புரட்டி, ஹாஜியாருக்குக் கொடுத்து, நெல்லை வாங்கி, அதே விலைக்கு மில்லுக்கு விற்று, நகையை மீட்பது. கூரைக்கு ஒரு சதமும் மிஞ்சாது. "பிறகு என்னத்துக்கு வாங்குற?" என்று கேட்டேன். ஹாஜியார் நல்ல மனுசன், ஏதாவது யோசிப்பார் என்றார். தன் நெல்லைத் தானே வாங்க எங்களைக் கடன்படச் சொல்கிற மனிதரை என்ன செய்வது? போனோம்.

ஹாஜியார் தேத்தண்ணி தந்தார். கதையைக் கேட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"அல்லாஹ்வே, எனக்கு இது வேணா மூப்பரே! ஆயிரம் ரூபாக்கு வாங்கின சாமான, வித்த ஆளுக்கே மூண்டு லட்சத்துக்கு விக்கிறதா? பள்ளி மௌலவி முன்னமே செல்லியிரிக்காரு. அது வட்டிக்குக் கிட்டப் போற வேலையாம். எனக்கு ஹறாம். ஆயிரம் தாங்க, கொண்டு போங்க."

"ஆயிரத்துக்கு எடுத்தா நான் பொய்யன்."

"மூண்டு லட்சம் எடுத்தா நான் பாவி."

"அப்ப உங்கட நெல்ல நீங்க வெச்சிருங்க."

"என்ட நெல்லா? நான் வாங்குறதெண்டு மனசில நிய்யத்தே வெக்கல்லையே! உங்கட மகன் சொன்னாரு, நான் ஒப்பம் வெச்சன்."

"நிய்யத் உங்கட கணக்கு, ஹாஜியார். நான் வித்தது என்ட கணக்கு."

"சரி, ஹதியாவா எடுங்க. அன்பளிப்பு. மகள்ட கலியாணத்துக்கு."

அப்பா எழும்பிவிட்டார். "வித்த சாமானுக்கு மிச்ச விலைய அன்பளிப்பெண்டு வாங்குறதா? அதுவும் அதே பொய்தான், வேற சட்டை போட்டிருக்கு."

இரண்டு பேருமே கடவுளுக்குப் பயந்தவர்கள். ஒருவராவது கொஞ்சம் கள்ளனாக இருந்திருந்தால் அக்காவுக்குக் கூரை கிடைத்திருக்கும். அன்றைக்குப் படலையடியில் நின்று இதைத்தான் நினைத்தேன்.

இதற்கிடையில் மழை தொடங்கிவிட்டது. காலையில் கொட்டும், பின்னேரம் வெயில் எறிக்கும். மெசினில் வெட்டிய நெல் ஈரம். உடனே காயப்போடாவிட்டால் மூடைக்குள் சூடேறும். ஹாஜியார் சம்மாந்துறையில் மெசினோடு நின்றார். வியாழக்கிழமை நான் வட்டைக்குப் போனால், ரோட்டில் படங்கு விரித்து ஒரு மனிதன் நெல்லைக் காலால் துழாவிக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா.

"இது ஹாஜியார்ட நெல்லெல்லா?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"ஓம். அயலவன்ட பொருள் நனையக்குள்ள பாத்துக்கொண்டு போகலாமா?"

மாலையில் ஹாஜியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அப்ப கூலியாவது எடுங்க, மூப்பரே." அப்பா கூலி வேண்டாம் என்றார். ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கட வாப்பா தன்ட நெல்லத் தானே காயப்போட்டுட்டு, என்ட நெல்லெண்டு செல்லிட்டு, என்னட்டக் கூலியும் எடுக்க மாட்டாராம். நான் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவன். இவரோட ஒரு கிழமை இருந்தா ரெண்டாம் ஹஜ்." அப்பா அதற்கு மட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருவரும் ஆளுக்கொரு பக்கம் பொலித்தீனைப் பிடித்து இழுத்து மூடினார்கள். ஆனால் ஒரு ஆள் எத்தனை மூடையைத்தான் காயவைக்க முடியும்? அடியிலிருந்த மூடைகளுக்குள் கை விட்டால் சுட்டது.

மாப்பிள்ளையின் தாய்க்கு எப்படியோ செய்தி போய்விட்டது. "ஆயிரம் ரூபாக்கு வேளாண்மை விக்கிற வீட்ட என்ட பிள்ளைய அனுப்புறதா?" என்று கேட்டாவாம். அக்கா தையல் மெசினை மிதிக்கிற சத்தம் பலமாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை போதகர் ஐயா வந்தார். அன்றைக்கு இரவே மூப்பர் கூட்டம். கூட்டச் சொன்னதும் அப்பாதான். ஆலயத்துக்குப் பக்கத்து அறையில் ஐயா, அப்பா, பேக்கரி வைத்திருக்கிற மூப்பர், முன்பு தபால்காரராக இருந்த மூப்பர். என்னை எழுதிய ஆள் என்று கூப்பிட்டிருந்தார்கள். அப்பா ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

பேக்கரி மூப்பர் நெற்றியைத் தேய்த்தார். "திருப்பி எடுத்தா வித்தது பொய். வித்தது பொய்யெண்டா ஞாயிறு வெட்டினது பிழை. எடுக்காட்டிப் பிள்ளைட கூரை போச்சு. இதுல நாங்க என்னத்தச் சொல்ற?"

"பிழை விட்டன் எண்டு சொல்லிட்டு எடுங்களன் மூப்பர்," என்றார் தபால்காரர். "ஒரு ஞாயிறு சபைக்கு முன்னால எழும்பி நிண்டாச் சரிதானே?"

"பிழை விட்டிருந்தாச் சொல்லுவன். நான் மெய்யா வித்தன்."

நான் அதுவரை சுவரோரம் நின்றேன். அப்பா நின்ற இடத்தில் ஒரு ஓட்டையும் இல்லை; ஓட்டை என்னிடத்தில்தான் இருந்தது. "ஐயா, நான் ஒண்டு சொல்லலாமா?" என்றேன். "அப்பா மெய்யாத்தான் வித்தார். நான்தான் மெய்யா விக்கச் சொல்லல்ல. திங்கக்கிழமை திருப்பி எடுக்கிறதெண்டு ஹாஜியாரோட பேசிப்போட்டு, அப்பாட்ட மறைச்சன்."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் மூண்டு தரம் கேட்டன்."

"ஓம் அப்பா."

"மூண்டு தரமும் ஓம் எண்டாய்."

"ஓம்."

"மூண்டும் பொய்யா?"

"ஓம் அப்பா."

ஐயா மெதுவாகச் சொன்னார்: ஏமாற்றி வாங்கிய கையொப்பம் கையொப்பம் அல்ல; விற்பனை செல்லாது; நெல் மூப்பருடையது; ஆயிரம் ரூபாவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஹாஜியாருக்கு அந்த இடத்திலேயே போன் எடுத்தோம். "ரெண்டு பக்கமும் மனசாரப் பொருந்தாட்டி அது வியாபாரமே இல்லையாம், மௌலவியும் செல்லுவாரு, அல்ஹம்துலில்லாஹ், வந்து எடுங்க!" என்று போனுக்குள் கத்தினார். எனக்குத் திருவிருந்தில் மூன்று மாதத் தடை, மறுநாள் சபைக்கு முன் அறிக்கை. மூப்பர்மாரைக் கை தூக்கி ஒப்புக்கொள்ளச் சொன்னபோது முதலில் தூக்கிய கை அப்பாவுடையது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கூரை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா உட்காரவில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வெட்டுப்பட்டது என்ட வெள்ளாமை," என்றார்.

"மூப்பர், உங்களுக்குத் தெரியாதே," என்றார் ஐயா.

"தெரியாமச் செய்தாலும் நடந்தது நடந்ததுதானே, ஐயா. என்ட நெல்லுக்காக ஒரு ட்ரைவர் பொடியன் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்திருக்கான்."

நான் அவரைக் காப்பாற்றப் பொய்யனாக எழும்பி நின்றேன். அவர் என் வாக்குமூலத்தையே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை பதினான்கு குடும்பத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். யாரும் கேட்காமலேயே அப்பா மூப்பர் வாங்கை விட்டு இறங்கி, மூன்று மாதத்துக்குக் கடைசி வாங்கில் என்னோடு இருக்கப்போவதாகச் சொன்னார். வெளியே வரும்போது அம்மா, "அப்பனும் மகனும் நல்லா நிண்டிங்க. கூரைதான் இன்னும் நிக்கல்ல" என்றாள்.

அந்த ஞாயிறு மத்தியானம்தான் பெருமழை. காற்று வேறு. பொலித்தீன் கிளம்பிப் போயிருக்கும் என்று எனக்கு நிச்சயம். "அப்பா, போய்க் கட்டிப்போட்டு வருவம்" என்றேன். அப்பா ஜன்னலடியில் நின்றார். போன வியாழக்கிழமை அந்த நெல்லுக்காக முதுகு ஒடிந்த மனிதர் அவர்.

"அயலவன்ட நெல்லெண்டா அது இரக்கம், ஞாயிற்றுக்கிழமையும் போகலாம்," என்றார். "இப்ப அது எங்கட நெல்லு, மனே. எங்கட ஆதாயம். போகேலாது."

அக்கா சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அப்பா ஜன்னலை விட்டு நகரவேயில்லை. மழை விடும்வரை அப்படியே நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் லொறியோடு போனோம். ஹாஜியாரும் வந்து நின்று தானே மூடை தூக்கினார். அடியில் கிடந்த ஒன்பது மூடை முளை விட்டுப் பாயாகப் பின்னிக் கிடந்தது. மில்லில் மிச்சம் முப்பத்தெட்டு மூடையையும் கம்பி குத்தி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு, ஐயாயிரத்து நூறுக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்றார்கள். முளைத்த ஒன்பதையும் வாத்து வளர்க்கிற ஒருவர் மூடை ஆயிரத்து இருநூறுக்கு எடுத்தார். மெசின் கூலியை ஹாஜியார் வேண்டாம் என்றார். அப்பா அவருடைய சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு வந்தார்.

அக்காவின் அறைக்கும் குசினிக்கும் சீற் போட்டோம். ஹோலுக்குப் போடக் காசு காணவில்லை. மாப்பிள்ளையின் தாயிடம் அப்பாவே நேரில் போய், நடந்ததை நடந்தபடி, தன் மகன் பொய் சொன்னது உட்பட, முழுக்கச் சொன்னாராம். அந்த அம்மா, "இந்த மனுசன் சீதனத்தில பொய் சொல்லமாட்டார்" என்று சொல்லி நாளை மாற்றாமல் விட்டா. கலியாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தியை ஹோலில்தான் வைத்தோம், மேலே படங்கு கட்டி.

அதற்கு அடுத்த நாள் அம்மா என்னை இருத்திக் கணக்குப் பார்க்கச் சொன்னாள். சனிக்கிழமையே ஒரு வார்த்தை "எனக்கு இது பிடிக்கல்ல" என்று அவள் சொல்லாமல் விட்டதற்கு எவ்வளவு, நான் மூன்று தரம் ஓம் சொன்னதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஏலாது என்றேன். "பிரிக்கத் தேவல்ல, கூட்டிச் சொல்லு" என்றாள். ஏழாயிரத்து இருநூறு படி நாற்பத்தேழு மூடைக்கு வந்திருக்கவேண்டியதில், கைக்கு வந்ததைக் கழித்தேன். ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து எண்ணூறு ரூபா.